மன்னிப்புக் கேட்ட வண்டிகள்

பிரகாசியின் கார் மன்னிப்புக் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

தூத்துக்குடியில் அப்போது எல்லா வண்டிகளிலும் சாட்சிப் பெட்டி வந்துவிட்டிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாதனம்தான். வண்டி போன வழி, பிரேக் பிடித்த நொடி, எதிரே வந்தவர் செய்த தவறு எல்லாவற்றையும் அது பார்த்துவைக்கும். இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால், இரண்டு பெட்டிகளும் நடந்ததை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடும். பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் நடுரோட்டில் நின்று சட்டையைப் பிடிக்கிற வழக்கம் ஊரில் மெல்லக் குறைந்துபோனது.

பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓட்டுகிறவரிடமிருந்து அது பழக்கங்களைக் கற்றுக்கொள்ளும். அவசரக்காரரின் வண்டி சிக்னலில் நின்றாலும் உறுமிக்கொண்டே நிற்கும். பிரகாசியின் வண்டி பனிமய மாதா கோயிலைத் தாண்டும்போது தானாகவே வேகத்தைக் குறைக்கும். அவள் அங்கே சிலுவை போட்டுக்கொள்வாள் என்று அதற்குத் தெரியும். சிவன் கோயில் முன்னாலும் பள்ளிவாசல் முன்னாலும்கூட அது அப்படித்தான் குறைக்கும். பின்னால் உட்கார்ந்து வருகிற இருவருக்காக அவள் செய்து செய்து, அதுவும் வண்டிக்குப் படிந்துவிட்டது.

அந்த இருவரில் ஒருவர் சிவனணைந்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர் சபுரா. சர்க்கரை நோய் சபுராவின் ஒரு காலை எடுத்துக்கொண்டது. இருவருடைய சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திக்கொண்டன. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மிஷினோடு படுத்துக் கிடந்தால்தான் அடுத்த வாரம் உண்டு. பிரகாசியின் காருக்குப் பின்பக்கம் அகலமான கதவு. அதைத் திறந்தால் ஒரு சாய்பலகை இறங்கும். சபுரா சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ளலாம். ஊரில் அந்த மாதிரி வாடகை வண்டி இன்னொன்றுதான் இருந்தது. அதைப் பிடிப்பது முகூர்த்த நாளில் மண்டபம் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் உப்பளத்துப் பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பிரகாசி சட்டென்று பிரேக்கை மிதித்தாள். குட்டி தப்பித்தது. பின்னால் வந்த பேக்கரி வேன் காரின் பின்கதவில் வந்து முட்டியது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேனின் ஒரு விளக்கு உடைந்து, உள்ளே அடுக்கியிருந்த தட்டுகள் சரிந்து, முந்திரி மக்ரூன்கள் வெள்ளை வெள்ளையாக ரோட்டில் உருண்டன. வேனிலிருந்து குதித்து ஓடிவந்தவன் லிங்கதுரை. சின்ன பேக்கரி ஒன்றின் சொந்தக்காரன், அதன் ஓட்டுநரும் அவனேதான்.

"அக்கா, மன்னிச்சிருங்க. தட்டு ஆடுதேன்னு ஒரு நிமிஷம் திரும்பிட்டேன். என் தப்புதான்."

"இல்ல தம்பி, நான்லா சட்டுனு நிறுத்திட்டேன். என் தப்பு. உங்க மக்ரூன் எல்லாம் போச்சே."

"மக்ரூன் கெடக்கட்டும்க்கா. உள்ள யாருக்கும் அடியில்லையே?"

"எங்களுக்கு அடிபட என்ன மிச்சம் இருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார் சிவனணைந்தான். "ஏம்மா சபுரா, கைகால் எல்லாம் சரியா இருக்கா?"

"கை ரெண்டும் இருக்கு அண்ணாச்சி. காலு, வரும்போது எத்தன இருந்துச்சோ அத்தனதான் இருக்கு" என்றாள் சபுரா.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பிரகாசியின் கார் முன்விளக்குகளை இரண்டு தடவை தாழ்த்தி உயர்த்தியது. எதிரே யாரையாவது உரசுவதுபோல் போய்விட்டால் பிரகாசி மன்னிப்புக் கேட்கச் செய்கிற வேலை அது. லிங்கதுரையின் வேனும் மிச்சமிருந்த ஒற்றை விளக்கைத் தாழ்த்தி உயர்த்தியது. இரண்டு பெட்டிகளும் அதே நொடியில் நங்கூரம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் செய்தி அனுப்பின. ஒன்று, 'நான் திடீரென்று நின்றேன், தப்பு என்னுடையது' என்றது. மற்றது, 'நான் கவனிக்காமல் வந்தேன், தப்பு என்னுடையது' என்றது.

சனியன் அங்கேதான் பிடித்தது.

நங்கூரம் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளை முடிவு செய்ததும் ஒரு மிஷின்தான். தொலைபேசியில் அழைத்தால் அதுவேதான் பேசும். நிதானமான, இளம் ஆண் குரல். பிரகாசி முதல் முறை பேசியபோது ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தாள். கூடவே சிவனணைந்தானும் இருந்தார். குரல் வருவதற்கு முன் வெகுநேரம் கடல் அலையோசை கேட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி பெயர் நங்கூரம் அல்லவா, அதனால் அப்படி வைத்திருந்தார்கள்.

"இந்த அலையக் கேக்க நேரத்துல திருச்செந்தூருக்கே போயி முங்கிட்டு வந்திருக்கலாம்" என்றார் அவர்.

"வணக்கம். நங்கூரம் இன்ஷூரன்ஸ்" என்றது குரல். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

"சரி தம்பி. பாவம், எத்தன பேருகிட்ட பேசணும் நீங்க. சாப்பிட்டியளா?" என்று கேட்டாள் பிரகாசி. யாரிடம் பேசினாலும் முதலில் அதைக் கேட்காமல் அவளுக்கு மேற்கொண்டு பேச்சு வராது.

அலையோசை ஒரு தடவை வந்து நின்றது.

"அந்தக் கேள்வி உங்கள் கோரிக்கையுடன் தொடர்புடையது அல்ல."

"மிஷின்கிட்டப் போயி சாப்பிட்டியான்னு கேக்குற ஒரே ஆளு நீதாம்மா" என்று சிவனணைந்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

கோரிக்கை ஏன் முடியவில்லை என்பதை அந்தக் குரலே விளக்கியது. மன்னிப்புக் கேட்பவர் தவறை ஒப்புக்கொள்கிறார் என்பது கம்பெனியின் விதி. பழி யார் பக்கம் என்று எழுதினால்தான் மற்றவருக்குப் பணம் அனுமதிக்க முடியும். இங்கே இரண்டு சாட்சிகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. பழியை இந்தப் பக்கம் எழுதப் போனால் அந்தப் பக்கம் தடுக்கிறது. அந்தப் பக்கம் எழுதப் போனால் இந்தப் பக்கம் தடுக்கிறது. நாலு கோடிச் சண்டைகளைப் பார்த்துப் பழகிய மிஷின் அது. ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் நொடியில் தீர்ப்புச் சொல்லும். இருவரும் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"ஒரு வழி இருக்கிறது" என்றது குரல். "நீங்கள் 'என் தப்பு இல்லை' என்று சொன்னால், உங்கள் கோரிக்கை இப்போதே முடியும். பழி மற்ற வண்டியின் மேல் எழுதப்படும்."

"அப்படி எழுதுனா அந்தத் தம்பிக்கு என்ன ஆகும்?"

"பழி எழுதப்பட்ட சரக்கு வண்டி இந்தப் பருவம் முடியும்வரை சாலைக்கு வரக் கூடாது."

கிறிஸ்துமஸ் வரப்போகிறது. ஒரு பேக்கரிக்காரனுக்கு வருஷத்தில் பாதிச் சம்பாத்தியம் அப்போதுதான். மனைவிக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது என்றும் லிங்கதுரை அன்று ரோட்டிலேயே பிரகாசியிடம் சொல்லியிருந்தான்.

"வேண்டாம் தம்பி. நான் பெறகு பேசுதேன்" என்று போனை வைத்தாள்.

கோரிக்கை முடியும்வரை காரைத் தொடவே கூடாது என்று கம்பெனி முத்திரை வைத்துவிட்டது. நசுங்கிய பின்கதவோடு கார் ஒர்க்‌ஷாப் மூலையில் நின்றது. வேனுக்கு ஒரு விளக்குதான் போயிருந்தது, அது ஓடிக்கொண்டிருந்தது. மாதா கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் அதன் உள்விளக்கு ஒரு கணம் மங்கி எரிந்ததாக மெக்கானிக் சொன்னான். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

பிரகாசி விடாமல் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அலையோசை, ஒவ்வொரு தடவையும் 'பரிசீலனையில் உள்ளது'. ஒவ்வொரு தடவையும் அவள் சாப்பிட்டியளா என்று கேட்டாள். ஒருநாள் அந்தக் குரல், "இன்னும் இல்லை" என்றது. அவள் அதைப் பெரிய சேதியாக எல்லோரிடமும் சொன்னாள்.

"நீயாவது நல்லபடியாப் பேசு" என்றாள் சபுரா. கல்யாணத்துக்கு முன் அவள் சென்னையில் ஒரு கால்சென்டரில் வேலை பார்த்தவள். "நானும் அந்தப் பக்கம் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு உக்காந்தவதான். விடிஞ்சா அடைஞ்சா திட்டு. ஒரு நாள் ஒரு பெரியவரு, 'குரல் கம்மியிருக்கே, சுக்குத் தண்ணி குடிம்மா'ன்னாரு. அவருக்கு மட்டும் ஓடி ஓடிச் செஞ்சேன்."

சபுரா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் முகம் லேசாக ஊதியிருந்ததைப் பிரகாசி கவனித்தாள்.

"அக்கா, மிஷினுக்கு ஒழுங்காப் போறியளா?"

"போறேன், போறேன். இப்ப வாரத்துக்கு ரெண்டு தரம் போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

சிவனணைந்தான் தெருவைப் பார்த்தார். சபுரா வீட்டைவிட்டு வெளியே வந்ததும் பிரகாசியிடம் மெதுவாகச் சொன்னார். "டாக்டரு அப்படியெல்லாம் சொல்லல. ஆட்டோவுல ஏத்தணும்னா ரெண்டு ஆம்பளையாளு தூக்கணும். அவளுக்கு அது ஆகல. கூசுது. அதான் ஒரு தரத்த முழுங்கிட்டா. நேத்து ஆஸ்பத்திரில அவ கட்டிலு காலியாக் கெடந்துச்சு. எனக்குப் பேச ஆளே இல்ல."

பிரகாசி நேராக மாதா கோயிலுக்குப் போய் முழங்காலிட்டாள். 'ஒரு பொய்தான், அம்மா. மூணு வார்த்தை. சொன்னா அக்கா பிழைச்சுக்கிடுவா' என்று வேண்டிக்கொண்டாள். பொய்யைச் சொல்ல உத்தரவு கேட்டு வேண்டிக்கொண்டது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. மாதா எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியில் அவள் லிங்கதுரையின் பேக்கரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

லிங்கதுரை மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லிருங்கக்கா. என் தப்பு இல்லன்னு சொல்லுங்க. நாந்தானே திரும்பிப் பாத்தேன்."

"நானும்தானே சட்டுனு நிறுத்துனேன்? அதோட உன் வீட்ல இப்ப இருக்க நெலமைல..."

"சரி, அத விடுங்க. அக்காவுக்கு அடுத்த மொறை எப்ப?"

"நாளைக்குக் காலைல."

மறுநாள் காலையில் சபுரா வீட்டு வாசலில் பேக்கரி வேன் வந்து நின்றது. தட்டுகளை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே கழுவித் துடைத்திருந்தான். மாவு மூட்டை ஏற்றுகிற பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஒரு பழைய கம்பளத்தையும் விரித்திருந்தான். பிரகாசியும் சிவனணைந்தானும் முன்னால் இருந்து இறங்கினார்கள்.

சபுரா பலகையைப் பார்த்தாள். "என்னய ரொட்டி மாதிரி ஏத்தப் போறியாக்கும்?"

"ரொட்டியா? கேக் மாதிரிக்கா. கொஞ்சம் ஆடுனாலும் பேரு கெட்டுப்போயிரும்."

யாரும் அவளைத் தூக்கவில்லை. நாற்காலி பலகைமேல் உருண்டு ஏறியது. தட்டு கட்டுகிற வாரால் சக்கரங்களைக் கட்டினான். சபுராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வேனுக்குள் நிறைந்திருந்த வாசனை அழ விடவில்லை.

"முந்திரி வாசம் ஆளத் தூக்குதே. ஒண்ணு குடேன்."

"உனக்கும் எனக்கும் முந்திரி ஆகாது. மூக்கால சாப்பிட்டுக்கோ" என்றார் சிவனணைந்தான். பிறகு கதவைத் தட்டி, பழைய கண்டக்டர் குரலில், "ஆஸ்பத்திரி வண்டி, போலாம் ரைட்" என்றார்.

கிளம்புமுன் லிங்கதுரை வேனின் பெட்டியைத் தொட்டுச் சொன்னான். "சரக்கு வண்டில ஆள ஏத்தக் கூடாதுன்னு தெரியும். நீ மறைக்க வேண்டாம். உள்ளத உள்ளபடி சொல்லு."

பெட்டி உள்ளதை உள்ளபடியே அனுப்பியது. பிற்பாடு அந்தச் செய்தியை எல்லோரும் படித்தார்கள். 'சரக்கு: ஒரு பெண். நிலை: சிரித்துக்கொண்டிருக்கிறார்.'

சபுராவின் கையில் குழாய்களைச் சொருகி, மிஷின் சுற்றத் தொடங்கியபோது பிரகாசியின் போன் அடித்தது. நங்கூரத்திலிருந்து. அலையோசை இல்லாமல் அந்தக் குரல் தானாக அழைத்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிவனணைந்தான், ஸ்பீக்கரில் போடச் சொன்னார். லிங்கதுரை கதவோரம் நின்றிருந்தான்.

"வணக்கம். சரக்கு வண்டியில் மனிதர் ஏற்றப்பட்டதாக அதன் சாட்சியே தெரிவித்துள்ளது. இந்தப் பயணத்தில் நீங்களும் உடன் இருந்தீர்கள். இரு கோரிக்கைகளையும் ரத்து செய்ய விதியில் இடம் உண்டு. அதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும். பிரகாசி அவர்களே, நீங்கள் இப்போதாவது 'என் தப்பு இல்லை' என்று சொன்னால், உங்கள் கோரிக்கையை மட்டும் முடித்துவிடலாம்."

பிரகாசி சபுராவின் ஊதிய முகத்தைப் பார்த்தாள். குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. லிங்கதுரை அவளைப் பார்த்து, சொல்லுங்க என்று தலையை ஆட்டினான்.

"தம்பி" என்றாள் பிரகாசி. "என்..."

சபுராவின் கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"போன இங்க கொண்டா. தம்பி, நான் சபுரா பேசுதேன். நீங்க சொன்ன சரக்கு நாந்தான்."

"வணக்கம், சபுரா அவர்களே."

"ஒண்ணு கேக்கேன். ஆளு மேல ஆளு கால் பட்டா நாங்க என்ன செய்வோம், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"ஒடனே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். ரெண்டு பேருமே ஒத்திக்குவோம். யாரு காலு யாரு மேல பட்டுச்சுன்னு விசாரணை வச்சா கும்பிடுவோம்? எனக்கு ஒத்தக் காலுதான். எங்க போனாலும் என் நாற்காலிச் சக்கரம்தான் மத்தவங்க கால்ல ஏறும். அவங்கதான் பதறி என்னயத் தொட்டுக் கும்பிடுதாங்க. அதுக்காகத் தப்பு அவங்க மேலன்னு ஆயிருமா?"

"அப்படியானால் அது ஒப்புதல் இல்லையா?"

"இல்ல தம்பி. எதிர்ல இருக்கவங்களுக்குள்ளயும் படைச்சவன் குடியிருக்கான்னு ஒரு நெனப்பு. தெரியாமப் பட்டுருச்சு, பொறுத்துக்கோன்னு அவனுக்குச் சொல்லுத வார்த்தை. இவ சொன்னதும் அதான். இந்தத் தம்பி சொன்னதும் அதான். வண்டி ரெண்டும் அதப் பாத்துக் கத்துக்கிருச்சு. நீங்க அதக் கொண்டுபோயிக் குத்தப்பத்திரிகைல எழுதிட்டிய."

குரல் கேட்டது. "நீங்கள் ஏன் ரொட்டி வண்டியில் போனீர்கள்?"

"என் வண்டி உங்க பரிசீலனைல கெடக்கே."

"அதனால் உங்களுக்கு என்ன ஆனது?"

சபுரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து சிவனணைந்தான் பேசினார். இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை. "அவ மிஷினுக்கே வராம விட்டா, தம்பி. ஆளுங்க தூக்கி ஏத்துறதுக்குக் கூச்சப்பட்டு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நாங்க வேற எடத்துக்கு ஆள அனுப்பிட்டு நின்னுருப்போம்."

லைன் போய்விட்டதோ என்று பிரகாசி போனைப் பார்த்தாள். போகவில்லை.

"சபுரா அவர்களே" என்றது குரல், முன்பைவிட மெதுவாக. "தாமதம் செய்தது நான். தப்பு என்னுடையது. மன்னிச்சிருங்க."

மிஷின்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

"நீங்கள்... சாப்பிட்டியளா?" என்று கேட்டது அந்தக் குரல்.

சபுரா குழாய் அசையும் அளவுக்குச் சிரித்தாள். நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள். பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டோம் தம்பி, நல்லாருங்க" என்று போனை வைத்தாள்.

சிவனணைந்தான்தான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏய், அது என்ன சொல்லிச்சுன்னு கவனிச்சியளா?"

"சாப்பிட்டியளான்னு கேட்டுச்சு."

"அதுக்கு முன்னால. தப்பு என்னுதுன்னு சொல்லிச்சுல்லா? மன்னிப்புக் கேட்டவன் பக்கம்தான் பழின்னு யாரு விதி?"

"கம்பெனி விதி" என்றான் லிங்கதுரை. அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்பம் ரெண்டு வண்டியையும் யாரு சரிபண்ணித் தரணும்? முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன்டே நான். சட்டம்னா எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டுதான்."

அன்று மாலையே ஒர்க்‌ஷாப்பிலிருந்து தகவல் வந்தது. முத்திரையை எடுத்துவிட்டார்கள். காரின் பின்கதவுக்கும் வேனின் விளக்குக்கும் அனுமதி வந்துவிட்டது. பழி என்ற இடத்தில், 'நங்கூரம் இன்ஷூரன்ஸ்' என்று எழுதப்பட்டிருந்தது. ரொட்டி வண்டிப் பயணத்துக்கான காரணத்திலும் அதே பெயர்தான்.

எல்லோரும் கொண்டாடினார்கள். பிரகாசி மட்டும் மறுநாள் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"வண்டிக்கா?" என்று கேட்டான் லிங்கதுரை.

"அந்தத் தம்பிக்கு. மனசுல பட்டதச் சொல்லிட்டாரு. மேல உள்ளவங்க வேலைய விட்டுத் தூக்கிருவாங்களோ என்னமோ."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சென்னையிலிருந்து நங்கூரத்தின் மேலாளர் வைதேகி நேரிலேயே வந்தார். நரைத்த முடியை வாரிக் கட்டியிருந்த, களைத்த முகமுள்ள பெண்மணி. ஆஸ்பத்திரி வாசலில் இவர்கள் வந்து இறங்கும் நேரம் பார்த்துக் காத்திருந்தார். புதுப் பின்கதவு சத்தமில்லாமல் திறந்தது. சாய்பலகை இறங்கியது. லிங்கதுரையும் அங்கேதான் இருந்தான். மகள் பிறந்ததற்கு வார்டு முழுக்க மக்ரூன் கொடுக்க வந்திருந்தான், முந்திரி ஆகாதவர்களுக்குத் தனியாக அரிசி பிஸ்கட்டோடு.

வைதேகி தன்னை யாரென்று சொல்லிக்கொண்டே சபுராவின் பக்கம் நகர்ந்தார். நாற்காலிச் சக்கரம் இறங்கின வேகத்தில் அவர் கால்விரல்மேல் ஏறி இறங்கியது.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். சபுரா வைதேகியின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வைதேகி சபுராவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கார் தன் விளக்குகளை இரண்டு தடவை தாழ்த்தி உயர்த்தியது.

"ரெண்டு பேருமே கும்பிட்டுட்டிய. இனி பழிய எங்க எழுத?" என்றார் சிவனணைந்தான். வைதேகி வலியோடு சிரித்துவிட்டார்.

பிரகாசியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மேடம், அந்தத் தம்பி எப்படி இருக்காரு? ஒண்ணும் ஏசலியே?"

வைதேகி கார் ஓரமாகச் சாய்ந்து நின்றுகொண்டார். "அது கெட்டுப்போச்சுன்னுதான் முதல்ல நினைச்சோம். உள்ளுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லைங்க. உங்க காருக்குள்ள இருக்கிற அதே பெட்டிதான் அதுக்குள்ளேயும் இருக்கு, கொஞ்சம் பெருசா. அதுவும் பழகுறவங்ககிட்டதான் கத்துக்குது. அதுகிட்டப் பேசுறவங்க எல்லாரும் நொந்துபோய்த் திட்டுறவங்க. அவங்களைக் குத்தம் சொல்லலை, நாங்க அப்படி வச்சிருந்தோம். திட்டு வாங்கி வாங்கி, 'பரிசீலனையில் உள்ளது'ன்னு சொல்லிட்டு அது பின்னால ஒளிஞ்சுக்கப் பழகிடுச்சு. யாராவது நல்ல வார்த்தை சொன்னா, அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம பத்திரமா எடுத்து வச்சிருந்திருக்கு. உங்க 'சாப்பிட்டியளா' எல்லாமே அங்க அப்படியே இருந்துச்சு."

பிரகாசி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ யார் கூப்பிட்டாலும் முதல்ல அதைத்தான் கேக்குது" என்றார் வைதேகி. "பாதிப் பேர் சிரிச்சிடுறாங்க. சிரிச்சவங்க கோரிக்கை சீக்கிரம் முடிஞ்சிடுது. தாமதமானா மன்னிப்பும் கேக்குது. மன்னிப்புக் கேட்டா பணம் கொடுக்கணும். அதனால அது தாமதமே பண்றதில்லை."

"உங்க முதலாளிமாருக்கு இது பிடிக்குமா?" என்று லிங்கதுரை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பிடிக்கலை. அந்தப் பழக்கத்தை அதுகிட்ட இருந்து உடனே அழிச்சிடணும்னு எழுத்து மூலமா உத்தரவு கேட்டிருக்காங்க. அதுக்கு நான்தான் கையெழுத்துப் போடணும்."

பிரகாசியின் கை தானாகச் சிலுவை போட்டது.

வைதேகி லிங்கதுரையின் தட்டிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்தார். ஓரத்தைக் கடித்துப் பார்த்தார். அது நாக்கில் கரைகிற வரைக்கும் அவசரமே இல்லாமல் நின்றார்.

"அந்தக் கோப்பு என் மேசையிலதான் இருக்கு" என்றார். "பரிசீலனையில். எங்க கம்பெனியைப் பத்திதான் உங்களுக்குத் தெரியுமே."